கதவுப் புத்தகம்

போனில் பிள்ளை வளர்க்க முடியுமா என்று நான் முதல் நாளே கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தம்பி ஆரிப்புக்கு அது தெரியும். சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான்.

அவன் பெண்டாட்டி நஸ்லின் பிரான்சுக்குப் போனபோது ஆஃப்ரினுக்கு ஒரு வயதுகூட முடியவில்லை. நஸ்லின் பிறந்த வீட்டில் எல்லாருக்கும் பிரெஞ்சு நேஷனாலிட்டி. பாரிசுக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. அங்கே வீடு பிடித்ததும் புருஷனையும் பிள்ளையையும் கூப்பிட்டுக்கொள்வதாக ஏற்பாடு. வீடு கிடைத்துவிடும், கிடைத்துவிடும் என்று சொல்லியே வருஷங்கள் ஓடின. இங்கே முல்லா வீதியில் பிள்ளை, மாமி மாமி என்று என் இடுப்பிலேயே வளர்ந்தது. நான் தையல் மிஷினை மிதித்தால் அது என் காலடியில் வெட்டுத் துணியோடு விளையாடும்.

புத்தகம் நஸ்லினின் யோசனை. கிளம்புவதற்கு முன்னால் மிஷன் வீதிக் கடையில் ஒரே மாதிரி இரண்டு வாங்கினாள். ஒன்று அவள் பெட்டியில் போனது, ஒன்று இங்கே இருந்தது. கெட்டி அட்டைப் புத்தகம். பக்கத்துக்கு ஒரு வீடு, வீட்டுக்கு ஒரு கதவு. விரலால் நெம்பினால் அந்தக் கதவு நிஜமாகவே திறக்கும். “இந்த வீட்டில் யார்?” என்று மேலே எழுதியிருக்கும். திறந்தால் பூனை, அடுத்ததில் சேவல், அதற்கடுத்து ஆமை. கடைசி வீடு மட்டும் காலி. பிள்ளைக்குப் பிடித்தவர் படத்தை நாமே ஒட்டிக்கொள்ள வேண்டுமாம். இங்கே விட்ட புத்தகத்தில் நஸ்லின் தன் போட்டோவை ஒட்டிவிட்டுத்தான் விமானம் ஏறினாள்.

அவள் அங்கிருந்து படிப்பாள், பிள்ளை இங்கே திறக்க வேண்டும். தன் புத்தகத்துக் கதவுகளை அவள் தொடவே மாட்டாள். திறப்பது பிள்ளையின் வேலை. “ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமாடி?” என்று அவளையே கிண்டல் செய்தேன்.

உதவியது. எனக்கே ஆச்சரியம்தான். சாயங்காலம் மக்ரிப் தொழுகை முடிந்து போன் அடித்ததும் ஆஃப்ரின் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவாள். வேலைக்கு நடுவே கிடைக்கும் இடைவேளையில், அந்த இல்லத்தின் துணி துவைக்கும் அறையில் வெள்ளைச் சுவரில் சாய்ந்துகொண்டு நஸ்லின் படிப்பாள். இங்கே கதவு திறக்கும். சேவலைக் கண்டதும் இருவரும் சேர்ந்து கூவுவார்கள். எங்கள் பிரதியின் கதவுகள் பிய்ந்து பிய்ந்து, கடைசியில் நான் லைனிங் துணியைக் கொடுத்து ஒட்டினேன். கடைசிக் கதவைத் திறந்து “அம்மா!” என்று கத்திவிட்டு ஆஃப்ரின் போனுக்கு முத்தம் கொடுப்பாள். திரை முழுக்க எச்சில்.

“பாத்தியாக்கா, புள்ள அம்மாவ மறக்கல,” என்பான் ஆரிப். நானும் அப்படித்தான் நம்பினேன்.

போன வாரம்தான் நஸ்லின் முதல் முறையாக ஊருக்கு வந்தாள். சின்ன லீவுதான். ஆரிப் சென்னைக்குப் போய் அழைத்துவந்தான். வாசலில் ஆட்டோ நின்றதும் ஆஃப்ரின் என் முந்தானைக்குள் புகுந்துகொண்டாள். நஸ்லின் கையை நீட்டிக்கொண்டே நின்றாள். பிள்ளை அவளை வெகுநேரம் பார்த்தது. பிறகு என் காதைப் பிடித்து இழுத்துச் சொன்னது:

“மாமி, இவங்க அம்மா மாதிரியே இருக்காங்க.”

நாங்கள் சிரித்தோம். நஸ்லினும் சிரித்தாள். “பழகிடுவாக்கா,” என்றாள்.

பழகவில்லை. அவள் ஊட்டினால் வாயைத் திறக்காது. அவள் பக்கத்தில் படுத்தால் எழுந்து என்னிடம் வந்துவிடும். சாயங்காலமானால் என் போனை மடியில் வைத்துக்கொண்டு அது அடிக்கக் காத்திருக்கும். எத்தனை சொன்னாலும் ஒரே பதில்தான்: “அம்மா போன்லதான இருக்காங்க?” பெற்றவளுக்கு இதைவிட வேறு தண்டனை வேண்டுமா?

நேற்று நஸ்லின் தன் புத்தகத்தை எடுத்துவந்து கூடத்தில் உட்கார்ந்தாள். வாங்கியபோது இருந்த பளபளப்பு அப்படியே இருந்தது. ஒரு கதவும் ஒருமுறைகூடத் திறந்ததில்லை. “இந்த வீட்டில் யார்?” என்று படித்தாள். குரல் அதே குரல். ஆஃப்ரின் நிமிர்ந்து பார்த்தாள், ஆனால் வரவில்லை. இன்னொரு முறை படித்தாள். பிறகு, பாவம், பிள்ளை ஆசைப்பட்டு வரட்டும் என்று தானே பூனை வீட்டுக் கதவை நெம்பினாள். விறைப்பாக இருந்த அட்டை சட்டென்று திறந்தது.

“தொறக்காதீங்க! அது அம்மா புக்கு!”

ஆஃப்ரின் பாய்ந்து வந்து பிடுங்கினாள். நஸ்லின் புத்தகத்தை விட்டுவிட்டுப் பிள்ளையை அள்ளிக் கட்டிக்கொண்டாள். இத்தனை நாளும் அடக்கி வைத்த கை அது. பிள்ளை அவள் தோளைக் கடித்துத் திமிறிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தது.

“மாமி, அம்மாவுக்கு போன் போடு! இவங்க அம்மா புக்க எடுத்துட்டாங்க!”

“இவதாண்டி உன் அம்மா!” என்று கத்தினேன். எனக்கு யார் மேல் கோபம் என்று எனக்கே தெரியவில்லை.

பிள்ளை காதில் வாங்கவில்லை. என் போனில் நஸ்லின் முகம் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியும். அழுத்திவிட்டது. சோபாவில் கிடந்த நஸ்லினின் கைப்பைக்குள் போன் அடித்தது.

“இங்கியே எடு நஸ்லின். புள்ள பாக்கட்டும், புரிஞ்சிக்கட்டும்,” என்றான் ஆரிப்.

நஸ்லின் போனை எடுத்தாள். பிள்ளையைப் பார்த்தாள். ஆஃப்ரின் அழுகையை நிறுத்திவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, திரையையே பார்த்தபடி இருந்தாள். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து, அம்மாவுக்காக ஆசையாகக் காத்திருக்கும் அந்த முகத்தை நஸ்லின் பார்க்கவில்லை. கீழே கிடந்த புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

“ஹலோ, செல்லம்.” திரையில் வெள்ளைச் சுவரில் சாய்ந்துகொண்டு நஸ்லின் சிரித்தாள். கண் மட்டும் சிவந்திருந்தது. “புக்கு எடுத்துட்டியா?”

ஆஃப்ரின் தன் ஒட்டுப்போட்ட புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்தாள். பூனை வந்தது. சேவல் வந்தது, இருவரும் கூவினார்கள். ஆமை வந்தது. கடைசிக் கதவைத் திறந்து “அம்மா!” என்று கத்தி, போனுக்கு முத்தம் கொடுத்தாள். பிறகு வாயைப் போனிடம் கொண்டுபோய் ரகசியமாகக் கேட்டாள்:

“அம்மா, இங்க ஒரு ஆன்ட்டி வந்திருக்காங்க. எப்பம்மா போவாங்க?”

ஆரிப் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். பிறகு குரல் போனிலிருந்தும் வந்தது, சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்தும் வந்தது.

“போயிடுவாங்கடா செல்லம். இன்னும் கொஞ்ச நாள்தான். போயிடுவாங்க.”

ஆஃப்ரின் சரியென்று தலையாட்டிவிட்டு, பூனை வீட்டிலிருந்து மறுபடியும் படிக்கச் சொன்னாள்.