இட்லிப்பூவில் இரண்டு புள்ளிகள்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் இருக்கிறது என்று எங்கள் அம்மா சொல்வார். அதற்குக் காரணம் இருக்கும்போதுதான் கோபப்படுகிறேன் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

1988இல் சிங்கப்பூரில் நடந்தது இது. தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் அலுவலகத்தில் எனக்குக் கம்ப்யூட்டரில் தகவல் பதிகிற வேலை. சனிக்கிழமை மத்தியானம் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் சமூக மன்றத்தில் கூடும் கம்ப்யூட்டர் சங்கத்துக்குப் போவேன். சங்கத் தலைவர் அருளானந்தம் ‘மேஜா’ என்று ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். கட்டளைகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை; மேஜைமேல் இருப்பதுபோல் ஃபைல்கள் திரையில் சின்னச் சின்னப் படங்களாக நிற்கும். டிஸ்க் கொண்டுவந்தால் யாரும் இலவசமாக நகல் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எழுதியிருப்பதைப் பார்த்துத் திருத்தலாம். மேஜாவுக்கு உழைத்தவர்களின் பெயர்கள் முதல் திரையில் வரும்.

நான் எட்டுத் திருத்தம் செய்திருந்தேன். மேஜாவின் கடிகாரம் 11:59க்குப் பிறகு 11:60 காட்டும். அதைச் சரிசெய்தவள் நான்தான். என் பெயர் மட்டும் வரவில்லை.

“அதெல்லாம் சின்ன வேலம்மா. பெரிய வேலைக்குத்தான் பேரு. வேணும்னா பின்னணிக்கு ஒரு படம் போட்டுக் குடு, சேத்துடலாம்” என்றார் அருளானந்தம்.

எனக்கு அந்தப் பெயர் வேண்டும். ஆசைதான், மறைப்பானேன்? மார்சிலிங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே வேலிபோல் வளர்த்திருக்கும் இட்லிப்பூவைப் பார்த்து, கட்டம்போட்ட கணக்கு நோட்டில் வரைந்தேன். எட்டுக்கு எட்டுக் கட்டம், மூலைக்கு ஒன்றாக நான்கு இதழ். அதையே திரை முழுக்கத் திரும்பத் திரும்ப நிரப்பினால் பின்னணி தயார்.

புதுப் பதிப்பு வெளியிடும் சனிக்கிழமை, வாசலுக்கு வெளியே டிஸ்க்கோடு முப்பது பேர் நின்றார்கள். நகல் எடுத்துக் கொடுப்பவன் அப்துல் அலீம். அவன் மாமாவுக்குப் பக்கத்துத் தெருவில் கைலிக் கடை. படத்தைத் திரையில் போட்டதும் அவன் கை நின்றது.

“அக்கா, தப்பா நெனைக்காதீங்க. இது சிலுவை மாதிரி இருக்கு.”

“இட்லிப்பூப்பா அது!”

“எனக்கு ஒண்ணும் இல்லக்கா. மாமா கடைக் கம்ப்யூட்டர்ல இதப் போட்டா வர்றவங்க கேப்பாங்க லா.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “நான் ஞாயித்துக்கெழம மாதா கோயிலுக்குப் போறவ. சனிக்கெழம வந்து பிரச்சாரம் பண்றவ இல்ல!”

பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்விட்டேன். இன்னும் நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாமென்று திரும்பினேன். தூரத்திலிருந்து திரை தெரிந்தது. வரிசை வரிசையாகச் சிலுவை! நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளன்று பார்க்கிற இடம்போலவே இருந்தது. பூவைக் காணவே காணோம்.

நோட்டில் கட்டம் சதுரம்; திரையிலோ புள்ளி கொஞ்சம் உயரம். இதழ்களுக்கு நடுவே நான் விட்ட இடைவெளி மேலும் கீழும் நீண்டு சிலுவையாகியிருந்தது. வெட்கமாகப் போய்விட்டது. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“என்ன பண்ணலாம், சொல்லு.”

அலீம் திரையில் விரல் வைத்தான். “இங்க மேல ஒரு புள்ளி, கீழ ஒரு புள்ளி. நடுவுல அடைச்சிடுங்க.”

அடைத்தேன். சிலுவை போய்ப் பூ வந்தது. அருளானந்தம் பெயர்ப் பட்டியலைத் திறந்து, கடைசியில் காலியாக இருந்த ஒரே வரியை எனக்கு விட்டார். ‘படம்: உர்சுலா’ என்று ஆங்கிலத்தில் தட்டினேன். ஆறு மாத ஆசை நிறைவேறியது, ஆனால் சந்தோஷம் வரவில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்? பெயர் விடுபட்டால் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

“சார், அலீம் பேரும் போடணும்.”

“ரெண்டு புள்ளிக்கா?”

“அது இல்லன்னா இந்தப் படமே இல்ல. அவன் பேரு வராட்டி என் பேரையும் எடுத்துடுங்க.”

“எடம் இல்லம்மா. இருபத்தஞ்சு வரியும் ஃபுல்.”

“உங்க பேரு மட்டும் ரெண்டு வரி இருக்கே சார். ‘நிறுவனர்’னு ஒண்ணு, ‘தலைவர்’னு ஒண்ணு.”

வெளியே முப்பது பேர் காத்திருக்கிறார்கள். அருளானந்தம் காதுவரை சிவந்து ‘தலைவர்’ வரியை அழித்தார். அந்த இடத்தில் ‘திருத்தம்: அப்துல் அலீம்’ என்று அடித்தேன்.

“கொஞ்சம் தள்ளுங்கக்கா” என்று அலீம் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தான். தன் பெயருக்கு முன்னால் கர்சரைக் கொண்டுபோய் எதையோ தட்டினான்.

‘திருத்தம்: உர்சுலா, அப்துல் அலீம்.’

“ரெண்டு புள்ளிக்கு என் பேருன்னா, அந்தக் கடிகாரத்துக்கு உங்க பேரு வேணாமா? என்ன சார்?”

அருளானந்தம் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். “சரி, சீக்கிரம் காப்பி எடு. ஆளுங்க நிக்கிறாங்க” என்றார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முதலில் நின்ற சீனக் கிழவர் நீட்டிய டிஸ்க்கை, யார் முகத்தையும் பார்க்காமல் வாங்கிக் கம்ப்யூட்டரில் செருகினேன்.