தொட்டி மேல் பூஜ்யம்

புதுமடத்தில் மாப்பிள்ளை ஊர்வலம் பள்ளிவாசலை நெருங்கியபோது அப்துல் ஹாதி அதை ஒட்டியிருந்த பெண்வீட்டு மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டியின் மேல் நின்று ட்ரோனை ஓட்டிக்கொண்டிருந்தான். முற்றத்திலிருந்து கிளப்புவதாகத்தான் இருந்தான். அங்கே பெண்கள் இருந்தார்கள். மணப்பெண்ணின் மாமா பாக்கர் அவனை வாசலிலேயே மறித்து நான்கு மாடி ஏற்றிவிட்டார்.

“பொம்பளைக பக்கம் கேமரா திரும்பக் கூடாது தம்பி. அது ஒண்ணுதான்.”

கடற்படை விமானதளம் பக்கத்தில். முப்பது மீட்டருக்கு மேல் ஓர் அடிகூடப் போகக் கூடாது என்றுதான் அனுமதித் தாள் சொன்னது. சில நாள் ஹெலிகாப்டர் தென்னைகளை உரசுவதுபோலத் தாழ வரும். அதற்காகவே ஹாதியின் கண் திரையின் மூலையில் உயரம் காட்டும் எண்ணை விட்டு அகலவில்லை. இருபத்தெட்டு. இருபத்தெட்டு.

கூடவே ஏறி வந்திருந்த பாக்கர் திரையை எட்டிப் பார்த்தார். “நம்ம பள்ளிவாசல் மினாராவ நல்லா எடு. நூத்தி இருவது அடி. உச்சிப்புளில நின்னா தெரியும்.”

மேற்கே ஹெலிகாப்டர் இரைச்சல் கேட்டது.

“இந்தா, ஒனக்கு சலாம் சொல்ல வாரான்,” என்றார் பாக்கர்.

ஹாதி சிரித்தான். இருபத்தெட்டுதானே. பிறகு திரையைப் பார்த்தான். மினாராவின் உச்சிப்பிறை கேமராவுக்குக் கீழே இருந்தது. அதன் மேல் காய்ந்திருந்த புறா எச்சம்கூடத் தெரிந்தது. நூற்றிருபது அடி என்றால் முப்பத்தாறு மீட்டர். இருபத்தெட்டிலிருந்து அதை எப்படிக் குனிந்து பார்க்க முடியும்?

கிளம்பிய இடம்தான் ட்ரோனுக்குப் பூஜ்யம். முதல் நாள் பயிற்சியில் சொல்லித்தந்தது. அவன் கிளப்பியது தொட்டியின் மேலிருந்து. தரையிலிருந்து தொட்டி வரையுள்ள பதினேழு மீட்டரையும் கூட்ட வேண்டும்.

தொட்டிக்குத் திருப்பிக் கொண்டுவர நேரமில்லை. தெருப்பக்கம் ஊர்வலம். மறுபக்கம் மின்கம்பிகள். ட்ரோனுக்கு நேர் கீழே முற்றம் மட்டும்தான்.

“மாமா, முற்றத்துல எறக்கணும்.”

“ஏலே, என்ன சொன்னேன் ஒன்ட்ட?”

“அவன் இந்த ஒசரத்துலதான் வாரான். பட்டா அவனும் விழுவான், கீழ உள்ளவுகளும்...”

பாக்கர் அவன் முகத்தைப் பார்த்தார். கைப்பிடிச் சுவருக்கு ஓடினார். முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டே கீழ்நோக்கிக் கத்தினார்: “நூர் நிஷா, எல்லாத்தையும் உள்ள கூட்டிட்டுப் போ. சீக்கிரம்.”

ஹாதி விசையைக் கீழே இழுத்தான். திரையில் தலைகள் பெரிதாகின. முக்காடுகள், ஒரு மல்லிகைச் சரம், நிமிரும் ஒரு முகம். வலது கையால் திரையைப் பொத்தினான். விரலிடுக்கில் எண்ணை மட்டும் விட்டுவைத்தான். பத்து. மூன்று. பூஜ்யம். மைனஸ் ஆறு. நாற்காலிகள் சரியும் சத்தம் கேட்டது. குழந்தை ஒன்று வீரிட்டது.

ஹெலிகாப்டர் தொட்டியைக் கடந்தது. வேட்டி படபடத்தது.

“எல்லாரும் போயாச்சா மாமா?”

பாக்கர் முற்றத்தின் பக்கம் திரும்பவில்லை. அவருக்கும் தெரியாது.

மைனஸ் பதினான்கு. ஹாதி விசையை விட்டான். தரைக்கு மூன்று மீட்டர் மேலே ட்ரோன் அப்படியே நின்றது. குறைந்துகொண்டே போன இரைச்சல் கடலுக்கு மேல் நின்று, மெல்ல வளைந்து, மறுபடி இந்தப் பக்கமாக வளரத் தொடங்கியது.