மருமகன் கொண்டுவந்த மெசின்

கட்டாரிலிருந்து லீவில் வந்த றிம்சான் மைக்ரோவேவ் ஒன்றையும் தூக்கிக்கொண்டு வந்தான். அன்றோடு அவன் மனைவி ஸப்னாவின் நிம்மதி போயிற்று.

கல்முனையில் வங்கி வேலை அவளுக்கு. எட்டு மாதக் குழந்தை அம்ஹாவுக்கு வேண்டிய பாலையும் மசித்த சோற்றையும் காலையிலேயே பிரிட்ஜில் வைத்துவிட்டுத்தான் புறப்படுவாள். பிள்ளையைப் பார்ப்பது அவளுடைய வாப்பா பளீல். சுடுதண்ணீருக்குள் போத்தலையும் கிண்ணத்தையும் வைத்துச் சூடாக்கி, மணிக்கட்டில் விட்டுப் பார்த்துக் கொடுப்பார். ஒரு குறையும் இருந்ததில்லை.

இப்போது எல்லாம் மெசினுக்குள் போகிறது.

"மேலால ஆறியிரிக்கும், உள்ளுக்குக் கொதிக்கும். புள்ளட வாய் வெந்து போகும்," என்று எத்தனை தரம்தான் சொல்வாள்?

"கிண்ணத்தத் தொட்டுப் பாரு, சூடே இல்ல. கட்டாரில எல்லாரும் இப்பிடித்தான்," என்பான் றிம்சான். அங்கே எந்தப் பிள்ளைக்கு இவன் சோறு ஊட்டினானாம்?

அதைவிட எரிச்சல் வாப்பா மேல்தான். அவளிடம் "ஓம் மகள், நான் பாத்துக்கிறன்" என்பார். மருமகன் முன்னால் வந்து நின்றால் வாயே திறக்கமாட்டார். பெண்ணெடுத்த வீட்டில் மாப்பிள்ளை வைத்ததுதான் சட்டம்.

சனிக்கிழமை பகல் மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மீன் ஆணம் என்றால் உயிரை விடுகிற வாப்பா, அந்தக் குழம்புக் கோப்பையைத் தள்ளிவிட்டுத் தயிர் கேட்டார்.

"வாயக் காட்டுங்க," என்றாள் ஸப்னா.

நாக்கின் நுனி தோலுரிந்து சிவந்திருந்தது.

"உப்புப் பாக்கிற மாதிரி ஒவ்வொரு நாளும் முதல் கரண்டிய நான் வாயில போடுற, மகள். சுட்டா ஆற வெச்சித்தான் புள்ளைக்குக் குடுக்கிற. நேத்துச் சூடு கொஞ்சம் கூடிப் போச்சி," என்றார் வாப்பா, மருமகன் பக்கம் பார்க்காமல் குரலைத் தாழ்த்தி.

"புள்ளட சோத்துக்கு நான் உப்பே போடுறல்லயே, வாப்பா."

"அது மருமகனுக்குத் தெரியாதே."

ஸப்னாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இரண்டு ஆம்பிளைகளையும் சேர்த்து வைத்துக் கத்தவேண்டும் போலிருந்தது.

றிம்சான் பிசைந்த சோற்றை அப்படியே விட்டு எழுந்தான். கையைக் கழுவி, தண்ணீர் சுடவைக்கக் கேத்தலை அடுப்பில் ஏற்றி, அம்ஹாவின் கிண்ணத்தைப் பிரிட்ஜிலிருந்து எடுத்தான்.

வாப்பா பதறிப்போனார்.

"நீங்க இரிங்க மருமகன், சோறு ஆறுது," என்றார், வெந்த நாக்கைப் புரட்டிக்கொண்டு. "மெசின் நல்ல மெசின்தான். என்ட நாக்குத்தான் சரியில்ல."