எதிர்க்காற்று அறுபது

இருந்தவர்கள்: நான், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அக்கா, ஹெட்போனுக்குள் தேர்வாளர், கணினித் திரையில் இருபத்துநாலாயிரம் அடி உயரத்தில், நிஜத்தில் இல்லாத ஒரு விமானம்.

...முந்நூற்று நாற்பது காட்ட வேண்டிய தரைவேகம் ஏன் இருநூற்றிருபதில் நிற்கிறது, கிளம்பி இருபது நிமிடமாகிறது, வானிலைத் தாளில் காற்று இருநூற்றெழுபது டிகிரி, வேகம் அறுபது நாட், இருநூற்றெழுபது என்றால் மேற்கு, நான் போவதும் மேற்கு, ஆக காற்று பின்னாலிருந்து தள்ளும் என்று போட்டிருக்கிறேன்... முட்டாள், காற்றுக்கு எழுதுவது வரும் திசை, போகும் திசையா? எரிபொருள் இரண்டு மணி நான்கு நிமிடத்துக்கு இருக்கிறது. போய்ச் சேர இரண்டு மணி பதின்மூன்று வேண்டும். பன்னிரண்டாயிரத்துக்கு இறங்கினால் காற்று இருபதுதான், ஆனால் அங்கே எஞ்சின் குடிக்கிற குடிக்கு ஓடுபாதைக்கு முன்னாலேயே தொட்டி காலி. நடுவில் இறங்கி நிரப்பலாம், நிரப்பினால் நிற்காமல் போகவேண்டிய இந்தத் தேர்வு போச்சு, இணையத்தில் விமானம் ஓட்டும் எங்கள் குழுவின் நீண்ட தடங்களும் போச்சு, நான்கு மாதப் பயிற்சி. ஹெட்போனில் தேர்வாளர், “என்ன தம்பி, வேகமே இல்ல?” வானிலைத் தாள் தப்பு என்று சொல்லிவிடலாம், இவர் எங்கே சரிபார்க்கப் போகிறார்... “காத்த தலைகீழா போட்டுட்டேன் சார். வழியில எறங்கி நிரப்பிட்டுப் போறேன்.” “அதான் தேர்வு முடிஞ்சிருச்சே, மூடிட்டு அடுத்த மாசம் வா.” “நீங்க போங்க சார். எறக்கிட்டுத்தான் எந்திரிப்பேன்.” அவர் போய்விட்டார்.

அக்கா செருப்பைத் தேடிக்கொண்டே கேட்கிறாள், “என்னடா, ஊத்திக்கிச்சா?” எதிர்க்காற்று என்றேன். “ரூமுல ஃபேன்கூட ஓடல, காத்தாம்! வேலையத்தான் பாதியில விட்ட, இதையாவது முழுசா ஓட்டுடா.” ஓட்டுவேன். மூக்கைத் தெற்கே திருப்பி, இறக்கத்தைத் தொடங்கி, நாற்பது மைலில் சின்ன ஓடுபாதை, பக்கக்காற்று பன்னிரண்டு, இந்த முறை திசையை விரலால் காற்றில் வரைந்து பார்த்துக்கொண்டேன். தாள் சரியாகத்தான் இருந்தது, படித்தவன்தான் சரியில்லை... பார்சல் கிடங்கில் இரவு வேலை, ஓடுகிற பெல்ட்டை அப்படியே விட்டு வந்தேன், மேற்பார்வையாளர் சரியில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன், அக்காவிடம், எனக்கே, பலமுறை. அந்த ஆள் அன்றைக்கு என்னதான் சொன்னார்? யோசித்துப் பார்த்தால் ஒரு வார்த்தைகூட ஞாபகம் வரவில்லை.

“கதவப் பூட்டிக்கறேன், நீ எந்திரிக்காத,” என்றாள். நான் எழவில்லை, சக்கரங்களை இறக்கிக்கொண்டிருந்தேன். கதவு சாத்திக்கொண்டது, வெளியே சாவி இரண்டு சுற்று சுற்றியது.