எந்தக் கண்ணால் பார்த்தான்?

மாலைக்குள் ஒஸ்கார் தேறாவிட்டால் அவனை ஆய்விலிருந்து விலக்கிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் பேராசிரியை போய்விட்டார்.

ஒஸ்கார் மாறுகண் குரங்கு. ஒரு கண் நேராகப் பார்த்தால் மற்றது வெளியே விலகி நிற்கும். அப்படிப்பட்ட கண்களை மூளை எப்படி ஓட்டுகிறது? அதுதான் ஆதிரையின் மூன்றாண்டு ஆராய்ச்சி.

திரையில் புள்ளி தோன்றும். பார்வை அதன்மேல் விழுவதைக் கமெரா கண்டால் வாயருகே உள்ள குழாயில் ஆப்பிள் சாறு வரும். வலப்பக்கப் புள்ளி என்றால் ஒஸ்கார் புலி. இடப்பக்கம் வந்தால் பார்வை புள்ளிக்கு முன்பே நின்றுவிடும். சாறு கிடையாது. இப்போது கண்ணை மூடிக்கொண்டு சத்தியாக்கிரகம் வேறு.

"இண்டைக்கும் அவனுக்கு ஏலாமப் போனா, என்ர மூண்டு வருசமும் போச்சு," என்றாள் ஆதிரை, காப்பி இயந்திரத்தருகே. ஜெர்மனியின் கொலோனில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பெண். கேட்டுக்கொண்டிருந்த ராகவேந்திரன் திருச்சிக்காரன். ஆய்வின் மென்பொருள் அவன் பொறுப்பு.

அவன் சட்டென்று பின்னால் திரும்பினான்.

"மேடம் வந்துட்டாங்களா? யாரைப் பார்க்கிறீங்க?"

"உங்களைத்தான் பாக்கிறன்! களைச்சுப்போனா எனக்கு ஒரு கண் விலகும். சின்னனில ஒப்பரேஷன் செய்தும் முழுக்கப் போகேல்லை."

"ஸாரி ஆதிரை. நான் தப்பான கண்ணைப் பார்த்துட்டேன்."

அவள் கைக்கோப்பை பாதி வழியில் நின்றது.

"ராகவேந்திரன், கமெரா ஒஸ்கார்ட எந்தக் கண்ணைப் பாக்குது?"

"ரைட் ஐ. எல்லாக் குரங்குக்கும் அதானே? ரெண்டு கண்ணும் ஒண்ணாத்தானே போகும்..." சொல்லிக்கொண்டிருந்தவன் முகம் மாறியது.

மாறுகண் குரங்குக்கு, நேர்கண் குரங்கின் அமைப்பு!

ஓடினார்கள். இடக்கண்ணுக்கு இரண்டாவது கமெராவை மாட்டினார்கள். ஆதிரை பொத்தானை அழுத்திச் சும்மா ஒரு சொட்டு சாறு விட்டாள். ஒஸ்கார் சந்தேகத்தோடு கண் திறந்தான். ஒரு கண்ணை மறைத்து மற்றதன் பார்வையை அளந்தார்கள். பிறகு மாற்றி அளந்தார்கள்.

மறைப்பை எடுத்தார்கள். இடப்பக்கம் புள்ளி.

வலக்கண் வழக்கம்போல முன்பே நின்றது. இடக்கண்?

புள்ளியின் நட்டநடுவில்.

வலத்துக்கு வலக்கண், இடத்துக்கு இடக்கண். பார்வை தாவும்போதே கண்ணை மாற்றியிருக்கிறான்.

"பாஸ் பண்ணிட்டான்!" ராகவேந்திரன் கத்தினான். "மேடத்துக்குச் சொல்லுங்க!"

"ஓம், சொல்லுறன்."

ஆனால் அவள் எழவில்லை. பாலர் பள்ளியில், 'என்னைப் பார்த்துப் பேசு' என்று ஆசிரியை அதட்டியபோதெல்லாம் அவள் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒஸ்காரும் இத்தனை வாரம் சரியாகப் பார்த்துவிட்டு வெறும் குழாயைச் சப்பியிருக்கிறான்.

"மேடம் கிளம்பிடுவாங்க, ஆதிரை!"

"கொஞ்சம் பொறுங்கோ. முதல்ல அவனுக்குக் குடுக்க வேண்டியதைக் குடுப்பம்," என்று பொத்தானை அழுத்தினாள். விரலை எடுக்கவில்லை.