இடது கைக் கையெழுத்து

"இடது கையால எழுதத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று முதலாளி கேட்டபோது எல்லோரும் சிரித்தார்கள். கோப்புகளைப் பார்த்துக்கொள்பவளும் சிரித்தாள். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

விளம்பரங்களுக்குப் புகைப்படம் விற்கும் அலுவலகம் அது. முகம் தெரியும் ஒவ்வொருவரின் ஒப்புதல் கடிதமும் கோப்பில் இருந்தால்தான் படத்தை விற்கலாம் என்று புதுச் சட்டம் வந்திருந்தது. பழைய படங்களுக்கும் விலக்கு இல்லை.

"ஆள் போட்டு ஒவ்வொருத்தரா தேடினா கட்டுப்படியாகுமா? நாமளே கையெழுத்துப் போட்டுடலாம்," என்றார் முதலாளி.

கூட்ட அறைக்கு விதவிதமான பேனாக்கள் வந்தன. கணக்கர் ஒரு கிழவருக்காகக் கையை நடுங்கவைத்து எழுதி, "எப்படி?" என்று தூக்கிக் காட்டினார்.

அவள் நான்கு தாள்களில் போட்டுவிட்டாள். ஐந்தாவது, முடியெல்லாம் கொட்டிப்போன ஒரு பெண் மருத்துவமனை ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் படம். விக் விளம்பரத்துக்குப் பலமுறை விற்றது. கூடவே ஒரு தொலைபேசி எண் இருந்தது. வராந்தாவுக்குப் போய் அழைத்தாள்.

"அது என் தங்கச்சிங்க. அவ போய் மூணு வருஷமாச்சு," என்றது ஒரு பெண்குரல். "ஆஸ்பத்திரியில மாட்டி வைக்கத்தான்னு சொல்லி எடுத்தாங்க. இப்ப எதுக்குக் கேக்கறீங்க?"

"விசாரிச்சுட்டுச் சொல்றேங்க" என்று வைத்துவிட்டாள்.

உள்ளே வந்து முதலாளியிடம் சொன்னாள். "இதை எடுத்துடலாம் சார். இந்தப் பொண்ணு உயிரோட இல்ல."

"அப்ப நல்லதாப் போச்சு. வந்து கேக்க மாட்டா."

தாளை இழுத்து, இடது கையால் அவரே பெயரை எழுதி, அன்றைய தேதியையும் போட்டார். கணக்கர் குலுங்கிச் சிரித்தார். அவள் எழுந்து வெளியே வந்தாள். கழிவறைக்குப் போய் இரண்டு தடவை கை கழுவினாள். பிறகு மறுபடி அந்த எண்ணை அழைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அந்தப் பெண்ணின் அக்கா கேட்டாள்: "நீங்களும் போட்டீங்களா?"

"நாலு பேருக்குப் போட்டேன்கா."

"அவங்ககிட்டயும் சொல்லிட்டீங்களா?"

அந்த அக்கா இறப்புச் சான்றிதழோடு அந்தச் சட்டத்தைக் கவனிக்கும் அதிகாரியிடம் போனாள். அதிகாரி வந்தார். அந்த ஒரு படத்தை நீக்கச் சொல்லி, சிறு அபராதம் விதித்து, அலமாரியின் மற்ற கதவுகளைத் திறக்காமலே தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

"ஒரு படம்தானே, போகட்டும். மத்ததெல்லாம் பக்கா," என்றார் முதலாளி. அன்றே அவளை வேலையை விட்டு அனுப்பினார்.

அவள் கையெழுத்துப் போட்ட அந்த நான்கு பேரில் இருவருக்கு எண் கிடைத்தது. சொன்னாள். மற்ற இருவர் யாரென்றே யாருக்கும் தெரியவில்லை.