ஆறு புதினா மிட்டாய்கள்

மூன்று மணி பார்ட்டிக்கு லிஃப்ட் மெக்கானிக் இரண்டரைக்கே பள்ளி வாசலில் ஆஜர். நின்றால் நிற்க முடியவில்லை, உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை. குடியை விட்டு நூற்றுப் பத்து நாள். மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு தனியாகப் போய் அதற்கும் மேலே ஆகிறது. இன்றைக்குத்தான் முதன்முறையாக வரச் சொல்லியிருந்தாள், அதுவும் போனில், ஒரே மூச்சில்.

“லீவு விடுறதுக்கு முன்னாடி கிளாஸ்ல பார்ட்டி. வாங்க. பாப்பா இருக்கச் சொன்னா இருங்க. போகச் சொன்னா பேசாம கிளம்பிடணும். அதுக்கப்புறம் நான் கூப்பிட மாட்டேன்.”

இதைவிடக் கறாராக எந்த நீதிபதியும் பேசியிருக்க மாட்டார். எட்டு வயதுப் பெண்ணின் கையில் மனுஷனின் தலையெழுத்து. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. பட்டினி வயிற்றோடு பக்கத்தில் போனால் வாய் நாறுமே என்ற பயம் வேறு. வழியில் கடையில் வாங்கிய புதினா மிட்டாய்களை ஒன்றன்பின் ஒன்றாக மென்று தீர்த்தான். ஆறு. நல்லபிள்ளையாகப் போய் நிற்க வேண்டுமாம், பெரிய புத்திசாலி.

வகுப்பறையில் காகிதச் சங்கிலி, கேக், சிப்ஸ், ஆரஞ்சு ஜூஸ். குட்டி நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கால் தாடையை இடித்தது. எழுந்தான். ஜன்னல் வரைக்கும் போனான், திரும்பி வந்தான். யார் கையில் கிளாஸைப் பார்த்தாலும் உள்ளே என்ன என்று கண் தானாகப் போயிற்று. ஜூஸ்தானடா, சும்மா இரு என்று தன்னையே அதட்டிக்கொண்டான். போன வருடம் இதே பார்ட்டியில் ஜூஸ் மேஜையோடு சாய்ந்து விழுந்த புண்ணியவான் இவன்தான். டீச்சருக்கு அது மறந்திருக்குமா என்ன? இந்த முறை மேஜையைச் சுவரோரமாகத் தள்ளிப் போட்டிருந்தார்.

மகள் வந்தாள், கையில் தானே செய்த காகிதத் தொப்பி. ஒவ்வொரு பிள்ளையும் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஒன்று மாட்டிவிட வேண்டும் என்பது டீச்சரின் உத்தரவு. அவன் குனிந்தான். தொப்பி தலைக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது. அவள் மூக்கு சுருங்கியது.

“மிட்டாய் சாப்பிட்டீங்களாப்பா?”

“ஆமாடா கண்ணு. புதினா.”

“குடிச்சாத்தான் அதைச் சாப்பிடுவீங்க.”

சொல்லிவிட்டு இரண்டடி பின்னால் போனாள். அவனுக்குச் சுரீரென்றது. ஐந்து வருடம், குடித்துவிட்டு வீடு திரும்பும்போதெல்லாம் வாயில் போட்டுக்கொண்டு வந்தது இந்த மிட்டாயைத்தான். வீட்டை ஏமாற்றிவிட்டதாக நினைப்பு. பிள்ளையின் மூக்குக்குக் குடியும் புதினாவும் ஒரே வாசனை. அடப்பாவி, இதுகூடவா உனக்கு உறைக்கவில்லை?

வாசலருகே நின்ற மனைவி கைப்பையைத் தோளில் மாட்டினாள். “பாப்பா, அப்பா கிளம்பட்டுமா?”

மகள் தொப்பியின் ஓரத்தைக் கசக்கினாள்.

“பத்து நிமிஷம் குடுடா கண்ணு,” என்று சொல்லிவிட்டு அவன் வராந்தாவுக்கு ஓடினான். பிள்ளைகள் கை கழுவும் தொட்டி அவன் இடுப்புக்கும் கீழே இருந்தது. மண்டிபோட்டுக் கொப்பளித்தான், கொப்பளித்துக்கொண்டே இருந்தான். நாக்கை விரலால் தேய்த்தான், குமட்டியது. பக்கத்தில் சோப்புத் தண்ணீர் பாட்டில். அதை எடுக்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். வேண்டாம். எதைப் போட்டு மறைத்தாலும் அவளுக்கு அது மறைப்புதான். நாறினால் நாறட்டும். புதினா வாசம் போக வாயைப் பிளந்துகொண்டு வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். எதிரே வந்த வாட்ச்மேன் ஒதுங்கிப் போனார்.

திரும்பி வந்து மகள் முன்னால் முட்டிபோட்டான்.

“மோந்து பாரு.”

ஊதினான். அவள் கண்ணை மூடிக்கொண்டு மூக்கைக் கிட்டே கொண்டுவந்தாள்.

“இன்னொரு தடவை.”

ஊதினான்.

“நாறுது,” என்றாள். “வெறும் வாய் நாத்தம்.”

“காலைலேருந்து சாப்பிடலம்மா.”

“ஏன்?”

“பயமா இருந்துச்சு. நீ போகச் சொல்லிடுவியோன்னு.”

அவள் யோசித்தாள். மனைவி இடத்தைவிட்டு அசையவில்லை.

“நாளைக்கும் வந்து ஊதுவீங்களா?”

உன் தலைமேல் சத்தியம் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அந்தச் சத்தியத்தை எத்தனை தடவை பண்ணித் தொலைத்திருக்கிறான்.

“வர்றேன். ஆனா நான் சொல்றதை நம்பாத. நீயே மோந்து பார்த்துக்க.”

“சரி,” என்றாள் மகள். “இன்னைக்கு இருங்க.”